நன்றாக இருக்கும் நாளில்தான் மருந்து வேண்டும்
எம்.எஸ். உள்ளவர்களின் வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அப்பா அம்மாமார்களே, கணவன் மனைவியரே, மாமனார் மாமியார்களே, அண்ணன் அக்கா தம்பி தங்கைகளே,



உங்கள் வீட்டில் ஒருவருக்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஒரு கண் மங்கியதென்றோ, இடுப்புக்குக் கீழே மரத்துப்போனதென்றோ, நடை தள்ளாடியதென்றோ பதறிப்போய் மருத்துவமனையில் சேர்த்தீர்கள். சில நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். சில வாரங்களில் பார்வை திரும்பியது. காலில் உணர்ச்சி வந்தது. இப்போது அவர் வேலைக்குப் போகிறார், சமைக்கிறார், வண்டி ஓட்டுகிறார். பெரிய கண்டத்தைத் தாண்டியாயிற்று என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். அவர் நன்றாக இருக்கிறார் என்பதால்தான் இதை இப்போது எழுதுகிறேன். அவர் விழுந்து கிடக்கும்போது உங்களுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். எழுந்து நடமாடும்போது செய்ய வேண்டியதைத்தான் நம் குடும்பங்கள் தவறவிடுகின்றன.

நானும் பல ஆண்டுகளாக இந்த நோயோடு வாழ்பவள். நோயாளிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. நம் ஊரில் ஒரு இளம்பெண்ணின் வைத்தியத்தை அவள் மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்த மருத்துவரிடம் போவது, எவ்வளவு செலவழிப்பது, ஊசியைத் தொடர்வதா விடுவதா, வெளியே சொல்வதா மறைப்பதா என்பதெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசி எடுக்கும் முடிவுகள். பெண்களை இந்நோய் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் தொடங்குகிறது. படிப்பு முடிந்து, வேலைக்குச் சேர்ந்து, கல்யாணப் பேச்சு நடந்து, குழந்தை பிறக்கும் வயது அது. அந்த வயதில் அவருக்காக முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறவர்கள் நீங்கள். ஆகவே நோய் என்ன செய்கிறது என்பதை அவரைவிட நீங்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் உடம்பில் கிருமிகளை எதிர்த்துப் போராடும் வெள்ளையணுக்கள் உண்டு. எம்.எஸ்.ஸில் அவற்றில் ஒரு பகுதி, டி அணுக்களும் பி அணுக்களும், மூளைக்குள் புகுந்து நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மையலின் என்ற கொழுப்பு உறையைப் பகையென்று எண்ணித் தாக்குகின்றன. உறை உரிந்த இடத்தில் நரம்புச் செய்தி தாமதமாகிறது, சில நேரம் அங்கேயே நின்றுவிடுகிறது. பார்வை நரம்பில் தாக்கினால் கண் மங்கும். சிறுமூளையில் தாக்கினால் தள்ளாடும். தண்டுவடத்தில் தாக்கினால் கால் மரக்கும், சிறுநீர் அடங்காது, அல்லது வர மறுக்கும். ஆறிய இடங்களில் கெட்டியான தழும்புகள் நிற்கின்றன. பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்க்கோ என்ற மருத்துவர் 1868இல் இந்தத் தழும்புகளை நோயாளிகளின் அறிகுறிகளோடு பொருத்தி, இது தனி நோய் என்று நிறுவினார்.

வீக்கம் வற்றியதும் செய்தி மறுபடி ஓடத் தொடங்குகிறது. உரிந்த உறையை மூளை ஓரளவு புதுப்பித்தும் கொள்கிறது. அதனால்தான் உங்கள் மகளின் பார்வை திரும்பியது. ஆனால் உறை மட்டும் போவதில்லை. 1998இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் புரூஸ் டிராப் குழுவினர் எம்.எஸ். உள்ளவர்களின் மூளைத் திசுவை ஆராய்ந்து, தாக்குதல் நடக்கும் இடங்களில் நரம்பிழைகளே அறுந்து கிடப்பதைக் காட்டினார்கள். நோயின் தொடக்க ஆண்டுகளிலேயே இது நடக்கிறது. உறை திரும்ப வளரலாம். மூளையிலும் தண்டுவடத்திலும் அறுந்த இழை வளர்ந்து ஒட்டுவதில்லை. இளம் வயதில் மூளை வேறு வழிகளைக் கொண்டு ஈடுகட்டிவிடுவதால் இழப்பு வெளியே தெரியாது. ஈடுகட்டும் திறன் தீர்ந்த பிறகு கைத்தடியும் சக்கர நாற்காலியும் வருகின்றன. அப்போது நீங்கள் எவ்வளவு பணம் கொட்டினாலும் போன இழைகளைத் திரும்ப வாங்க முடியாது.

அடுத்த தாக்குதல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லாதீர்கள். தொடர்ந்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், வெளியே தெரியும் ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஈடாக மூளைக்குள் ஐந்து முதல் பத்துப் புதிய புண்கள் வரை தோன்றியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எந்த அறிகுறியும் காட்டாத இடங்களில் வருபவை. நிலைக்கதவு வண்ணம் மாறாமல் நிற்கும். உள்ளே கரையான் வேலை நடந்துகொண்டிருக்கும். எம்.எஸ். அமைதியாக இருக்கும் மாதங்கள் அப்படிப்பட்டவை. அறிகுறி இல்லை என்பதை நோய் இல்லை என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்கேதான் உங்களில் பலருக்கு ஸ்டீராய்டு பற்றிய தவறான நம்பிக்கை இருக்கிறது. கண் தெளிந்ததும் "அந்த ஊசிதான் காப்பாற்றியது, தேவைப்பட்டால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்" என்கிறீர்கள். பார்வை நரம்பு அழற்சிக்கு ஸ்டீராய்டு கொடுத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1992இல் வெளியானது. நரம்பு வழியாக ஏற்றிய ஸ்டீராய்டு பார்வையை விரைவாகத் திருப்பியது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ஸ்டீராய்டு ஏற்றியவர்களுக்கும் மருந்தில்லாத போலி மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கும் பார்வையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆக, ஸ்டீராய்டு தாக்குதலின் நாட்களைக் குறைக்கிறது. அடுத்த தாக்குதலைத் தடுப்பதில்லை, உள்ளே நடக்கும் அரிப்பை நிறுத்துவதில்லை. தாக்குதலுக்கான மருந்து வேறு, நோய்க்கான மருந்து வேறு. நீங்கள் இதுவரை வாங்கிக் கொடுத்தது முதலாவது மட்டும்தான் என்றால், நோய்க்குச் சிகிச்சை இன்னும் தொடங்கவே இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் முறை கண் மங்கியபோது ஒரு மருத்துவமனையில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். பார்வை வந்ததும், சரியாகிவிட்டது, இனி வர வேண்டாம் என்று அனுப்பினார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கவும் சொல்லவில்லை. பிறகு கை மரத்தபோது சத்துக் குறைவு என்றார்கள். மாடிப்படியில் கால் இழுத்தபோது மனசுதான் காரணம் என்றார்கள். உறவினர்கள் எண்ணெய்க் குளியலும் பரிகாரமும் சொன்னார்கள். நோயின் பெயர் தெரிந்தபோது மூளையிலும் தண்டுவடத்திலும் பல தழும்புகள் இருந்தன. அந்த ஆண்டுகளில் இழந்தவற்றில் சில எனக்குத் திரும்பவே இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நோயின் பெயர் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அந்த நல்வாய்ப்பை வீணாக்காதீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் ஜாக்குலின் டு ப்ரே என்ற செல்லோ இசைக்கலைஞர் இருந்தார். இருபது வயதிலேயே உலகப் புகழ் பெற்றவர். விரல்களில் உணர்ச்சி குறைந்தபோது அதை மன அழுத்தம் என்றே முதலில் நினைத்தார்கள். 1973இல், 28 வயதில், எம்.எஸ். என்று உறுதியானது. அதற்குப் பிறகு மேடையில் செல்லோ வாசிக்க முடியவில்லை. 1987இல் 42 வயதில் இறந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் இந்த நோயின் போக்கை மாற்றும் மருந்து என்று ஒன்றுகூட அங்கீகரிக்கப்பட்டிருக்கவில்லை. முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1993இல். அது தாக்குதல்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. 1996இல் கிளாட்டிராமர் ஊசி வந்தது. 2010இல் ஃபிங்கோலிமாட் என்ற முதல் மாத்திரை வந்தது. பிறகு டெரிஃப்ளூனமைடு, டைமெத்தில் ஃப்யூமரேட், பி அணுக்களை நீக்கும் ஆக்ரெலிசுமாப் என்று வரிசையாக வந்து, இன்று 20க்கும் மேற்பட்ட மருந்துகள் இருக்கின்றன. நோயை அடியோடு போக்கும் மருந்து இவற்றில் இல்லை. தாக்குதல்களைக் குறைக்கவும், புதுப் புண்கள் வராமல் தடுக்கவும், ஊனத்தைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடவும் இவற்றால் முடிகிறது. வயதும் நோயின் நாளும் ஏற ஏற இவற்றின் பலன் குறைகிறது என்பதால், சீக்கிரம் தொடங்குவதே முக்கியம்.

செலவுதான் உங்கள் அடுத்த கேள்வி என்று தெரியும். அது நியாயமான கேள்வி. புதிய மருந்துகள் சில, நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தையே விழுங்கிவிடும். அதைக் கேட்டு மனம் உடைந்து, ஒன்றுமே வேண்டாம் என்று திரும்பிவந்துவிடாதீர்கள். ரிட்டுக்சிமாப் என்ற மருந்து புற்றுநோய்க்காகவும் மூட்டுவாதத்துக்காகவும் வந்தது. எம்.எஸ்.ஸுக்கென்று உரிமம் பெறாவிட்டாலும் உலகெங்கும் நரம்பியல் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஸ்வீடனில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் டைமெத்தில் ஃப்யூமரேட் எடுத்தவர்களில் 100க்கு 16 பேருக்கு மறுதாக்குதல் வந்தது; ரிட்டுக்சிமாப் எடுத்தவர்களில் 100க்கு 3 பேருக்கே வந்தது. 2007இலிருந்து இதன் இந்தியத் தயாரிப்பு கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜூலையில் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் முதன்முறையாக எம்.எஸ். மருந்துகளைச் சேர்த்தபோது, கிளாட்ரிபின், கிளாட்டிராமர் ஆகியவற்றோடு ரிட்டுக்சிமாபையும் சேர்த்தது. எந்த மருந்து உங்கள் வீட்டாருக்கு ஏற்றது என்பதை மருத்துவர் சொல்லட்டும். "எங்கள் கைக்கு எட்டும் விலையில் எது உண்டு?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டியது நீங்கள். கூச்சப்பட்டு நீங்கள் கேட்காமல் வந்தால், அதன் விலையை நோயாளியின் கால்கள் கொடுக்கும்.

மருந்துக்குப் பக்க விளைவு உண்டு என்று அஞ்சுகிறீர்கள். அஞ்சத்தான் வேண்டும், அஞ்சுவதோடு நிற்காமல் சோதிக்கவும் வேண்டும். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளைத் தொடங்குமுன் காசநோயும் மஞ்சள்காமாலை பி கிருமியும் உடம்பில் ஒளிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் இந்தச் சோதனைகளைத் தவிர்க்கவே கூடாது. போட வேண்டிய தடுப்பூசிகளை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். ஃபிங்கோலிமாட் முதல் வேளை கொடுக்கும்போது இதயத்துடிப்பைச் சில மணி நேரம் கவனிக்க வேண்டும். நட்டாலிசுமாப் என்ற மருந்து எடுப்பவர்களுக்கு ஜே.சி. வைரஸ் சோதனை வேண்டும். இவையெல்லாம் மருத்துவர்களுக்குத் தெரிந்த, முறையாகச் செய்தால் சமாளிக்கக்கூடிய ஆபத்துகள். சிகிச்சையே இல்லாமல் விடுவதிலும் ஆபத்து இருக்கிறது. அது மருந்துச் சீட்டில் அச்சிடப்படாததால் உங்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

அதைவிட ஆபத்தானது, நீங்களாக நிறுத்துவது. "ஒரு வருஷமாக ஒன்றும் இல்லையே, இன்னும் எதற்கு மருந்து?" என்று கேட்கிறீர்கள். ஒன்றும் இல்லாததற்கு அந்த மருந்துதான் காரணம். ஃபிங்கோலிமாடையோ நட்டாலிசுமாபையோ திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைத்த நோய் முன்னைவிட உக்கிரமாகத் திரும்பக்கூடும். ஃபிங்கோலிமாடை நிறுத்திய சிலருக்கு ஊனம் கடுமையாக முற்றியதைக் கண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரிக்கையே வெளியிட்டது. யாரோ தெரிந்தவர் சொன்னார் என்று வேறு வைத்தியத்துக்குப் போய், அங்கே ஆங்கில மருந்தை நிறுத்தச் சொன்னதும் நிறுத்தி, சில மாதங்களில் படுக்கையில் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோயிலுக்குப் போங்கள், யோகா செய்யச் சொல்லுங்கள், மனத்துக்கு ஆறுதல் தருவதை எல்லாம் செய்யுங்கள். மருந்தை மட்டும் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

தொடங்குமுன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: இது எம்.எஸ்.தானா? நம் நாட்டில் இந்தக் கேள்வி மிக முக்கியம். கண்ணையும் தண்டுவடத்தையும் இதே போலத் தாக்கும் என்.எம்.ஓ. என்ற வேறு நோய் உண்டு. அதை அடையாளம் காட்டும் அக்குவாபோரின்-4 எதிர்ப்புரதம் 2004இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாக் (MOG) எதிர்ப்புரதத்தால் வரும் இன்னொரு நோயும் உண்டு. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமாட் போன்றவை என்.எம்.ஓ.வை மோசமாக்கும். பி12 குறைவும் காசநோயும்கூட எம்.எஸ். போல வேடமிடும். "இந்த எதிர்ப்புரதச் சோதனைகள் பார்த்தாயிற்றா?" என்று கேளுங்கள். முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், கால் விழுந்துவிடும் என்று பயந்து மறுக்காதீர்கள். ஊசி நுழையும் இடத்தில் தண்டுவடமே இல்லை. அது அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. சிலருக்கு இரண்டு மூன்று நாள் தலைவலி இருக்கும். அந்த நீரில் தெரியும் ஒலிகோகுளோனல் பட்டைகள், இரண்டாவது தாக்குதலுக்குக் காத்திருக்காமலே நோயை உறுதிசெய்ய உதவுகின்றன.

அடுத்து நான் உங்களிடம் வருத்தத்தோடு பேச வேண்டியது, பழி போடுவதைப் பற்றி. "ராத்திரி கண் விழித்துப் படித்ததால் வந்தது", "பிரசவத்துக்குப் பிறகு பத்தியம் இருக்கவில்லை", "பெண் வீட்டார் மறைத்துக் கட்டிவைத்தார்கள்", "இவள் வந்த நேரம்" என்றெல்லாம் பேச்சு எழுகிறது. நிறுத்துங்கள். அமெரிக்க ராணுவத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்களின் இரத்த மாதிரிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்ததாக அது கண்டது. அதே ஆண்டு வேறொரு குழுவினர், அந்த வைரஸின் ஒரு புரதமும் மூளையில் உள்ள ஒரு புரதமும் ஒன்றுபோல் இருப்பதால் எதிர்ப்பணுக்கள் ஏமாறுவதைக் காட்டினார்கள். ஆனால் அந்த வைரஸ் உலகில் பெரியவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் உடம்பில் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கலாம். அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. மரபணு, வைட்டமின் டி குறைவு, புகைபிடித்தல், வளரிளம் பருவத்து உடற்பருமன் என்று பல காரணிகள் ஒருவரிடம் ஒன்றுசேர்ந்தால்தான் நோய் மூள்கிறது. இதில் அவர் செய்த குற்றம் என்று ஒன்றும் இல்லை. நீங்கள் செய்த குற்றமும் இல்லை. ஒன்று செய்யலாம்: வீட்டில் யார் புகைபிடித்தாலும் நிறுத்துங்கள். புகை நோயை வேகப்படுத்துகிறது.

கணவர்மார்களிடமும் மாமியார்களிடமும் தனியாக ஒரு வார்த்தை. இந்த நோய் தொற்றாது. மரபுவழி அப்படியே இறங்குவதும் இல்லை. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால்கூட மற்றவருக்கு வருவது நான்கில் ஒன்று அளவில்தான். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது 100க்கு இரண்டு மூன்று பேருக்கு. குழந்தை பெறுவதற்கு இந்த நோய் தடை இல்லை. ஐரோப்பாவின் 12 நாடுகளில் 254 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன. பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் கூடின. அந்த மூன்று மாதங்களில்தான் அவருக்கு உங்கள் துணை அதிகம் வேண்டும். சில மருந்துகளைக் கருத்தரிக்கும் முன்பே மாற்ற வேண்டியிருப்பதால், குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நோயைக் காரணம் காட்டி மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டு விசாரிக்காமல் இருப்பது கொடுமை. அதற்கு எந்த மருத்துவக் காரணமும் கிடையாது.

பெற்றோர்களே, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று சொல்லி, மறைத்து மணம் முடிக்காதீர்கள். மறைத்தால் மாத்திரையை ஒளித்து விழுங்க வேண்டும், ஊசி நாளில் பொய் சொல்ல வேண்டும். கடைசியில் மருந்தே நின்றுபோகும். சொல்லிச் சம்மதித்து வருகிற ஒருவரோடு உங்கள் பிள்ளை வாழட்டும்.

கண்ணுக்குத் தெரியாத தொல்லைகளை நம்பும்படியும் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். எம்.எஸ்.ஸில் வரும் சோர்வு, வேலை செய்து களைத்த சோர்வு மாதிரி இல்லை. தூங்கி எழுந்த உடனேயே உடம்பு ஈயமாகக் கனக்கும். சொல்ல நினைத்த சொல் வாயில் வராது. தலை குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்ந்தது போல் ஓடும். பேருந்தில் போகும்போது சிறுநீர் அடங்காது என்று அஞ்சி, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருப்பார். வெளியில் பார்க்க நன்றாகத்தான் இருப்பார். "நல்லாத்தானே இருக்கே, சோம்பேறித்தனம்" என்ற ஒரு வார்த்தை போதும், அடுத்த முறை உண்மையான தாக்குதல் வந்தாலும் அவர் உங்களிடம் சொல்லமாட்டார். மனச்சோர்வும் இந்த நோயின் பகுதி; அதற்கும் மருந்தும் ஆலோசனையும் உண்டு. தசை இறுக்கத்துக்கு பாக்லோஃபென், நடைக்குப் பிசியோதெரபி, சிறுநீர்த் தொல்லைக்குத் தனிச் சிகிச்சை என்று ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. நீங்கள் நம்பிக் கேட்டால்தான் அவர் வாய் திறப்பார்.

நம் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடல் சூடானால் உறை இழந்த நரம்பில் செய்தி இன்னும் தடைப்படும். ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890இலேயே இதைக் கவனித்தார். கத்திரி வெயிலில் அடுப்படியில் நின்றாலோ, வெந்நீரில் குளித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ பழைய அறிகுறிகள் தலைகாட்டும். உடம்பு குளிர்ந்ததும் மறையும். இது புதிய தாக்குதல் இல்லை, பதறி ஸ்டீராய்டு போட வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காய்ச்சல் இல்லாமல், புதிதாக ஓர் அறிகுறி தோன்றி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். கோடையில் அடுப்படி வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைக் குறைபாடுகளில் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸும் ஒன்று. அரசுப் பணியில் இருப்பவர் பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியானால் அவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது என்று அதன் 20ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டு அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைத் திட்டத்திலும் இந்த நோய் இருக்கிறது. அங்கே தண்டுவட மரப்பு நோய் என்று எழுதியிருப்பார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அடையாள அட்டை வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று தயங்காதீர்கள். 1985இல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. இதே பாதையில் நடந்த குடும்பங்களை அங்கே சந்திக்கலாம்.

இவ்வளவு சொன்னதும் உங்களிடம் சில காரியங்களைக் கேட்பதற்காகத்தான். ஸ்டீராய்டோடு சிகிச்சை முடிந்தது என்று வீட்டுக்கு வந்திருந்தால், இந்த வாரமே ஒரு நரம்பியல் மருத்துவரிடம் நாள் வாங்குங்கள். பழைய எம்.ஆர்.ஐ. படங்களையும் அறிக்கைகளையும் ஒரே கோப்பில் வைத்து எடுத்துப் போங்கள். அவரைத் தனியாக அனுப்பாமல் வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போங்கள். நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: இது எம்.எஸ்.தான் என்று எப்படி உறுதிசெய்தீர்கள்? நோயின் போக்கை மாற்றும் மருந்தை எப்போது தொடங்குவது? எங்களால் தொடர்ந்து வாங்க முடிந்தது எது? அடுத்த எம்.ஆர்.ஐ. எப்போது? பதிலை எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், அது ஒரு வேளையும் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணச் செலவு, வீட்டுச் செலவு என்று பணம் முடைப்படும் மாதத்திலும் அவருடைய மருந்துக் காசில் கை வைக்காதீர்கள்.

முதல் மருந்து வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்களின் குடும்பங்கள் செய்வதற்கு வழியில்லாமல் தவித்தன. உங்களுக்கு வழி இருக்கிறது. உங்கள் பிள்ளை இன்று நடக்கிறார். பத்து ஆண்டுகள் கழித்தும் அவர் நடப்பாரா என்பதில் நம் கையில் உள்ள பங்கு, அவர் நன்றாக இருக்கும் இந்த நாட்களில் நீங்கள் எடுக்கும் முடிவுதான். தள்ளிப்போடாமல் எடுங்கள்.

அன்புடன்,
எம்.எஸ்.ஸோடு வாழும் உங்களில் ஒருத்தி